மண்குளவிக் கூட்டைப் பிரித்துப் பார்த்தது: 24ஆம் நாள்

மாடிப்படி ஜன்னல் மூலையில் குளவி கூடு கட்டியதைப் பார்த்ததும் அம்மா, "யார் வீட்டுலயோ விசேஷம்" என்றாள். அப்புறம், குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டியே அதையும் குளவியாக்கிவிடும் என்றாள். சின்ன வயதிலிருந்தே கேட்டது. சரி, இந்த முறை பார்த்தேவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

படங்களோடு ஒப்பிட்டதில் இது ஸ்கெலிஃப்ரான் பேரினத்து மண்குளவி, பெரும்பாலும் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். நம்ம மதராஸ் பெயரேதான், 1781இல் ஃபேப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் வைத்தது. கட்டுவதெல்லாம் பெண் மட்டும். பூந்தொட்டி ஈரத்திலிருந்து மண் உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்து அப்பும்போது 'ங்ஙீய்' என்று ஒரு சத்தம். ஓர் அறைக்கு இருபது நடைக்கு மேல் எண்ணினேன், அதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

முந்தின சாயங்காலம் மூடிய அறை ஒன்றை பிளேடால் சீவினேன். உள்ளே புழு இல்லை, 13 குட்டிச் சிலந்திகள். பிரஷ்ஷால் தொட்டால் கால் லேசாக அசைகிறது! கொட்டு வாங்கியது இவைதான். சாகாமல் முடங்கிக் கிடப்பதால் அழுகுவதில்லை. ஒரு சிலந்தியின் வயிற்றில் நொய்யரிசி போல வளைந்த முட்டை. எல்லாவற்றையும் ஹோமியோபதிக் குப்பியில் போட்டு, காற்று வேண்டுமே என்று மூடாமல் வைத்தேன், காலையில் சிவப்பெறும்பு மொத்தத்தையும் துடைத்துவிட்டிருந்தது.

இரண்டாவது அறைக்குப் பஞ்சு மூடி, குப்பியைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்தேன். 3ஆம் நாள் முட்டை பொரிந்தது. புழு முதலில் அசையாமல் உறிஞ்சியது, பிறகு காலோடு சேர்த்தே மென்றது. பூஞ்சை பிடித்த ஒரு சிலந்தியை இடுக்கியால் எடுத்துப்போட்டேன். 10ஆம் நாளுக்குள் எல்லாம் காலி. அப்புறம் நூல் சுற்றி, வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு கூடு.

இத்தனை நாளில் தாய் புழுவைத் தொடவே இல்லை. மற்ற அறைகளிலும் அப்படித்தான், மூடியபின் மேலே மண் பூசியதோடு சரி. பூசும்போது வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே கொட்டுகிறது என்று நினைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயம். கட்டிக்கொண்டிருந்தபோது பச்சையும் நீலமுமாய் மினுங்கும் ஒரு சின்னக் குளவி அங்கேயே சுற்றியது. பிறர் கூட்டில் முட்டை வைக்கும் திருட்டு ஜாதி அது. பிரிக்காத மூன்று அறைகளில் எதில் புகுந்ததோ. கொசுவலைத் துணியை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், எது வந்தாலும் அதில் சிக்கும்.