பட்டமளிப்பு உரைகள் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவை

2008 ஜூனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மாணவர்கள் முன் பேச வந்த எழுத்தாளர் ஜே.கே. ரவுலிங், எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொன்னார். அவர் பட்டம் பெற்ற நாளில் சிறப்புரை ஆற்றியவர் தத்துவ அறிஞர் மேரி வார்னாக். அன்று அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தமக்கு நினைவில்லை என்றார் ரவுலிங்.

பெரும்பாலான பட்டமளிப்பு உரைகளுக்கு இதுதான் கதி. கனவு காணுங்கள், துணிந்து நில்லுங்கள் என்ற வரிகள் கேட்கும்போது நெஞ்சை நிமிர்த்தும். மறுநாள் காலை புத்தகத்தைத் திறக்கும்போது கைகொடுக்காது. போட்டித் தேர்வுக்குப் படித்த காலத்தில் இந்த உரைகளை நான் நிறையப் படித்தேன். காணொளித் துணுக்குகளை விட்டுவிட்டு, முழு எழுத்து வடிவத்தைத் தேடியெடுத்துப் படித்தேன். சுவரில் ஒட்டுகிற பொன்மொழியைக் காட்டிலும், அதற்கு முன்னால் பேச்சாளர் தம் வேலையைப் பற்றிச் சொல்கிற சின்ன விவரம்தான் மாணவருக்குப் பயன்படுகிறது என்பது அப்போது புரிந்தது. அந்த விவரத்தை அன்றாடப் படிப்பில் எங்கே பொருத்துவது என்று யோசித்தால் போதும், உரை உயிர்பெற்றுவிடும்.

எனக்கு அதிகம் உதவியது டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024 ஜூனில் டார்ட்மவுத் கல்லூரியில் ஆற்றிய உரை. தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வென்றதாகச் சொல்லிவிட்டு, மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: அந்த ஆட்டங்களில் எத்தனை சதவீதப் புள்ளிகளை வென்றிருப்பேன்? விடை 54 சதவீதம். உலகின் முதல் நிலை வீரராக இருந்தவர், ஆடிய புள்ளிகளில் ஏறக்குறைய பாதியைத் தோற்றிருக்கிறார். ஒரு புள்ளியை ஆடும்போது உலகில் அதைவிட முக்கியமானது வேறில்லை என்று ஆட வேண்டும். முடிந்துவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பரீட்சைக்கு 54 மதிப்பெண் போதும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டென்னிஸ் கணக்கு வேறு, தேர்வுக் கணக்கு வேறு. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரு கேள்வியின் தோல்வி அடுத்த கேள்விக்குள் கசியக் கூடாது. தேர்வறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நான்காவது கேள்வி கூட்டு வட்டிக் கணக்கு. இரண்டு முறை போட்டும் வந்த விடை, கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இல்லை. மூன்றாவது முறை போடுகிறோம். கடிகாரம் ஓடுகிறது. மனமில்லாமல் ஐந்தாவது கேள்விக்குப் போகிறோம், கண் ஐந்தைப் படிக்கிறது, மனம் நான்கிலேயே நிற்கிறது. ஐந்தும் தப்பாகிறது. அது கடினமான கேள்வியே அல்ல. நான்காவதன் பாரத்தைச் சுமந்துகொண்டு அதைத் தொட்டதுதான் காரணம். இதற்கு நான் வைத்துக்கொண்ட வழக்கம் எளிது. கேள்வியை விடுவதென்று முடிவு செய்தவுடன் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பேனாவைக் கீழே வைத்து ஒரு மூச்சு. பிறகு அடுத்த கேள்வியை முதல் கேள்வியைப் போலப் படிப்பது. மாதிரித் தேர்வுகளில் இதைப் பழகாதவருக்கு உண்மைத் தேர்வில் இது வராது.

அதே உரையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. இளம் வயதில் ஓர் எதிராளி, ‘முதல் இரண்டு மணி நேரம் வெற்றி வாய்ப்பு ரோஜருக்கு, அதற்குப் பிறகு எனக்கு’ என்று வெளிப்படையாகவே சொன்னாராம். முதல் இரண்டு மணி நேரம் எல்லாராலும் நன்றாக ஆட முடியும். கால் தளர்ந்து மனம் அலைபாயத் தொடங்கிய பிறகுதான் பயிற்சியின் தரம் தெரியும் என்பது ஃபெடரருக்கு அங்கேதான் உறைத்திருக்கிறது. சிரமமே இல்லாமல் ஆடுகிறார் என்று உலகம் பாராட்டிய ஆட்டத்துக்குப் பின்னால் கடும் உழைப்பு இருந்தது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். மூன்று மணி நேரத் தேர்வுக்குத் தயாராகிறவர் அரை அரை மணி நேரமாகவே பயிற்சி செய்தால், கடைசி ஒரு மணி நேரம் அவருக்கு அந்நிய தேசம். வாரத்துக்கு ஒருமுறையாவது, இடையில் எழுந்திருக்காமல், தேர்வு நடக்கும் அதே நேரத்தில் முழுத் தாளை எழுதிப் பாருங்கள். கூடவே, ‘நான் ஒன்றுமே படிக்கவில்லை’ என்று சொல்லி முதலிடம் வாங்குகிற நண்பரின் பேச்சையும் நம்பிவிடாதீர்கள்.

இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1974-இல் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பேசியதை நான் படிப்பு முறையைப் பற்றிய பாடமாகவே வைத்திருக்கிறேன். முதல் விதி, நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது; ஏமாற்றுவதற்கு மிக எளிதான ஆள் நீங்கள்தான் என்றார். அதை விளக்க இயற்பியலாளர் மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனையை எடுத்துக்கொண்டார். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகன் அளந்தபோது, காற்றின் பாகுநிலைக்கு (நகரும் பொருளை அது தடுக்கும் தன்மைக்கு) சற்றுத் தவறான மதிப்பைப் பயன்படுத்தியதால் விடை கொஞ்சம் குறைந்து வந்தது. பின்னால் வந்தவர்கள் சரியான மதிப்பை ஒரேயடியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் முந்தையவரைவிடச் சற்றே அதிகமாகச் சொல்லிக்கொண்டு மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காரணம், தம் விடை மில்லிகனின் விடையிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் எங்கே பிழை என்று துருவித் தேடினார்கள். நெருக்கமாக வந்துவிட்டால் அவ்வளவாகத் தேடவில்லை.

மாதிரித் தேர்வைத் திருத்தும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். விடைக்குறிப்போடு ஒத்துப்போனால் ஒரு டிக், அடுத்தது. ஒத்துப்போகாததை மட்டும் ஆராய்கிறோம். ஆனால் டிக் வாங்கிய விடைகளில் சில குத்துமதிப்பாகப் போட்டவை. சில தவறான காரணத்தால் சரியாக வந்தவை. இவைதான் ஆபத்தானவை, ஏனென்றால் தெரியும் என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தேர்வு எழுதும்போதே, உறுதியாகத் தெரியாத விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். திருத்தும்போது புள்ளி வைத்த எல்லாவற்றையும், சரியாக இருந்தாலும், தவறாகவே கருதிப் படியுங்கள். மதிப்பெண் குறைந்தாற்போல இருக்கும், மனம் சுருங்கும். ஆனாலும் அதுதான் உங்கள் உண்மையான மதிப்பெண்.

படிக்கும்போதும் இந்த ஏமாற்று நடக்கிறது. சவ்வூடு பரவல் பாடத்தை மூன்றாவது முறை படிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகத் தெரியும். தெரிந்துவிட்டது என்று மனம் சொல்லும். பக்கத்தை வெள்ளைத் தாளால் மூடிவிட்டு, நடுவில் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சர்க்கரைக் கரைசல் என்று படம் போட்டுப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகரும், ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அம்புக்குறி போட வேண்டிய இடத்தில் கை தயங்கினால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. பழக்கம் வேறு, அறிவு வேறு. வண்ணப் பேனாவால் அடிக்கோடு போடுகிற நேரத்தில் பாதியை இப்படி மூடி எழுதுவதற்குக் கொடுத்தால் வித்தியாசம் விரைவிலேயே தெரியும்.

அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பேசியதில், காலையில் எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்யுங்கள் என்ற பகுதிதான் உலகம் சுற்றியது. நல்ல வழக்கம்தான், மறுக்கவில்லை. மாணவருக்கு வேண்டியது அதற்குப் பின்னால் வருகிற ‘சர்க்கஸ்’ பகுதி. அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவின் பயிற்சியில் ஓட்டம், நீச்சல், தடை தாண்டுதல் என்று எதில் நிர்ணயித்த அளவை எட்டாவிட்டாலும், அன்றைய முடிவில் பெயர் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் உடற்பயிற்சி; அதற்குப் பெயர்தான் சர்க்கஸ். அன்று களைத்தவர் மறுநாள் இன்னும் தளர்ந்து, மீண்டும் பட்டியலில் ஏறுவார். ஆனால் அடிக்கடி ஏறியும் விலகாமல் நின்றவர்கள், அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரங்களாலேயே நாளடைவில் மற்றவர்களைவிட வலுவடைந்தார்கள் என்கிறார் மெக்ரேவன்.

பலவீனமான பாடத்தை நாம் நடத்தும் விதம் இதற்கு நேர்மாறு. கணிதம் வராதவர் வரலாற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பார். அங்கே மனத்துக்குச் சுகம். உங்களுக்கென்று ஒரு பட்டியல் வையுங்கள். அந்த வாரத் தேர்வில் சறுக்கிய தலைப்புகள் அதில் ஏறட்டும். மறுவாரம் அவற்றுக்குத் தினமும் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரே தலைப்பு நான்கு வாரம் பட்டியலில் இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கு வாரக் கூடுதல் உழைப்பு அதற்குள் இறங்கியிருக்கிறது.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் பேசியதைப் படிக்காதவர் குறைவு. அதனாலேயே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியை விட்டதால்தான் அவர் வென்றார் என்று அந்த உரையை வாசிப்பது பிழை. ரீட் கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதத்தில் விலகியவர், அதன் பிறகும் சுமார் 18 மாதங்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். நண்பர்களின் அறைத் தரையில் படுத்துக்கொண்டு, விருப்பப்பட்ட வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். அப்படிக் கற்றதுதான் அழகெழுத்துக் கலை. பத்து ஆண்டுகள் கழித்து மேக்கின்டாஷ் கணினியின் எழுத்துருக்களுக்கு அது கைகொடுத்தது. பட்டப் பதிவை விட்டவர் கற்பதை விடவில்லை. தேர்வுக்கு வராத ஒன்றையும் ஆர்வத்தோடு கற்கலாம் என்பதுவரை இந்த உரை துணைநிற்கும். படிப்பை விடுவதற்கு இது சாட்சி ஆகாது. மேடையேறிப் பேச அழைக்கப்படுகிறவர்கள் வென்றவர்கள் மட்டுமே என்பதையும் எப்போதும் நினைவில் வையுங்கள்.

தேர்வு முடிவு எதிர்பார்த்தபடி வராதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ரவுலிங்கின் உரை. பட்டம் பெற்று ஏழு ஆண்டுகளில் மணவாழ்க்கை முறிந்து, வேலையில்லாமல், தனித்தாயாக, வீடில்லாத நிலை ஒன்றுதான் பாக்கி என்ற அளவுக்கு வறுமையில் இருந்ததை அவர் மூடாமல் பேசுகிறார். எனக்கு அதில் பிடித்தது அவருடைய நேர்மை. வறுமை மனிதரை உயர்த்தும் என்று அவர் சொல்லவில்லை. வறுமையை அழகுபடுத்திப் பார்ப்பவர்கள் முட்டாள்கள் என்றே சொல்கிறார். தோல்வி தேவையற்றவற்றை உரித்துவிட்டதால், தமக்கு உண்மையில் முக்கியமான ஒரே வேலையில் முழு ஆற்றலையும் செலுத்த முடிந்தது என்கிறார். தேர்வில் தவறியவர் இதைச் செயலாகச் செய்யலாம்: அடுத்த முறைக்கு எந்தெந்தப் புத்தகங்களை, எந்தெந்த வகுப்புகளை விட்டுவிடப் போகிறேன் என்று முதலில் எழுதுங்கள். சேர்ப்பதை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. இணையத்தில் சுற்றுகிற எல்லா உரையும் உண்மையான உரை அல்ல. 1997-இல் எழுத்தாளர் கர்ட் வானகட் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேசியதாக ஓர் உரை மின்னஞ்சலில் பரவியது. உண்மையில் அது மேரி ஷ்மிச் என்பவர் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் எழுதிய பத்திக் கட்டுரை. அந்த ஆண்டு எம்.ஐ.டி.யில் பேசியவர் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான். கட்டுரைத் தாளில் மேற்கோள் காட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் இருக்கிறவர்களுக்கு இன்னோர் உரையும் அவசியம் என்று நினைக்கிறேன். எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸ் 2013-இல் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் பேசியது. வாழ்க்கையில் எதற்கு வருந்துகிறேன் என்று கேட்டுக்கொண்டு, ஏழாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த கூச்ச சுபாவமுள்ள ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறார். மற்றவர்கள் அவளைக் கேலி செய்தார்கள், அல்லது கண்டுகொள்ளவில்லை. அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சம் பரிந்துகூடப் பேசியிருக்கிறார். அவள் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. ஆனாலும் 42 ஆண்டுகள் கழித்தும் அது அவரை உறுத்துகிறது, ஏனென்றால் அவர் செய்தது போதவில்லை. தம் வாழ்வில் மிகவும் வருந்துவது அன்பு காட்டத் தவறிய தருணங்களுக்காகத்தான் என்கிறார்.

தயாரிப்புக் காலத்தில் பக்கத்தில் இருப்பவர் போட்டியாளராகவே தெரியத் தொடங்குவார். குறிப்பேட்டைக் கேட்டால் மறைக்கத் தோன்றும். ஆயிரக்கணக்கானோர் எழுதுகிற தேர்வில், நீங்கள் ஒருவருக்குக் கொடுக்கிற குறிப்பு உங்கள் இடத்தைப் பறித்துவிடாது. அவருக்கு விளக்கிச் சொல்லும்போது பாடம் உங்களுக்குத்தான் தெளிவாகும். முடிவு வெளியான அன்று, தேறாத நண்பரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ஆறுதல் வார்த்தை தேடித் தடுமாற வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்; அடுத்த முறைக்கு எந்தப் பாடத்தை நான் சொல்லித் தரட்டும் என்று கேளுங்கள்; நாளையும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மறக்காமல் கூப்பிடுங்கள்.