ஸ்பிரிங் டிரெய்னிங்கில் ஸ்கோர் எழுதப் பழகினேன்

2025 பிப்ரவரியில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ஸ்பிரிங் டிரெய்னிங் வந்தபோது, இரண்டு வேலைகளை ஒன்றாக ஆரம்பித்தேன். ஒன்று, எங்கள் ஊர் பேஸ்பால் அணியான சியாட்டில் மரினர்ஸைப் பற்றிக் கவலைப்படுவது. அது வருஷா வருஷம் நடப்பதுதான். இன்னொன்று புதுசு: பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பென்சிலால் ஸ்கோர் எழுதுவது. ஐந்து வாரத்தில் பதினாறு ஆட்டங்களுக்கு எழுதினேன். அதில் ஓரளவு தேறியவை ஐந்து. மீதி பதினொன்றும் மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு மாதிரி இருக்கின்றன.

கவலைக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் 30 அணிகள். அதில் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு ஒரு தடவைகூடப் போகாத அணி ஒன்றே ஒன்று, அது எங்களுடையது. 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்தோம், அப்போதும் போகவில்லை. அதற்கப்புறம், சீசன் முடிந்த பின் நடக்கும் பிளேஆஃப் சுற்றின் வாசலை மறுபடி மிதிக்கவே 2022 வரை ஆனது. 2023-ல் ஒரே ஒரு வெற்றி குறைந்து பிளேஆஃப் போச்சு. 2024-லும் அதே ஒரு வெற்றி. அந்த வருஷம் ஜூன் 18 அன்று எங்கள் பிரிவில் 10 ஆட்டம் முன்னிலையில் இருந்தோம். ஒரு மாதத்தில் அத்தனையும் கரைந்தது.

அந்த ஒரு மாதத்தில் நான் என்ன பார்த்தேன் என்று பின்னால் யோசித்தால் எதுவுமே ஞாபகம் வரவில்லை. டிவி ஓடும், கையில் ஃபோன் இருக்கும், ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று ஒரு கோடு இறங்குவதைப் பார்த்து வயிறெரிவேன். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பென்சில்.

ஸ்கோர் எழுதுவது எனக்கு முற்றிலும் புதிதல்ல. பள்ளியில் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத பையன்களை ஸ்கோர் போட உட்கார வைப்பார்கள், அதில் நானும் ஒருவன். மெய்டன் ஓவர் வந்தால் ஆறு புள்ளிகளையும் இணைத்து 'எம்' வரைவதில் ஒரு சந்தோஷம் இருக்கும். இப்போது தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. பேஸ்பால் ஸ்கோர் முறையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். சிறு வயதில் அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் பத்திரிகைக்காரராகி, 1850-களில் பேஸ்பால் பக்கம் சாய்ந்திருக்கிறார். பேட்டர் பந்தை அடிக்கத் தவறினாலோ, அடிக்க வேண்டிய பந்தை விட்டாலோ ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் ஸ்ட்ரைக் அவுட். அதற்கு 'கே' போடும் பழக்கம் அவர் கொடுத்தது. 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து அது. முதல் எழுத்தை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டாராம்.

அடிப்படை சுலபம். ஒன்பது பேருக்கும் எண்: பந்தை எறியும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்டில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஆனால் எண் 6. முதல் வாரம் முழுக்க 5-ஐயும் 6-ஐயும் மாற்றி மாற்றி எழுதினேன். ஷார்ட்ஸ்டாப் தரையில் வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3. மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பேட்டைச் சுழற்றி ஏமாந்தால் நேர் கே. பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்ட கே. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சின்ன டைமண்ட். ஆள் பேஸ்களைச் சுற்றி வந்து ரன் எடுத்தால் டைமண்டை நிரப்ப வேண்டும். நிரப்பும்போது கிடைக்கிற திருப்தியை எந்த ஆப்பும் தராது.

முதல் வாரம் ரேடியோதான். மரினர்ஸ் பயிற்சி செய்வது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பியோரியாவில். அங்கே பிற்பகல் 1.10-க்கு ஆட்டம் என்றால் சியாட்டிலில் மணி 12.10. சாப்பாட்டு நேரம். ஆபீஸ் கேண்டீனில் ஒரு காதில் ஹெட்ஃபோன், இடது கையில் ஸ்பூன், வலது கையில் பேனா. ஆமாம், பேனா. அதுதான் செய்த முதல் தப்பு. மூன்றாவது இன்னிங்ஸிலேயே தாள் முழுக்க அடித்தல் திருத்தல்.

ஸ்பிரிங் டிரெய்னிங் ஸ்கோர் எழுதப் பழகுகிறவனுக்குப் பரம எதிரி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. முகாமுக்கு அறுபது பேருக்கு மேல் வருகிறார்கள், சீசன் தொடங்கும்போது அணியில் இருப்பது 26 பேர். நட்சத்திரங்கள் மூன்று முறை பேட் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் ஒரே நேரத்தில் ஆறு பேர் மாறுவார்கள். வருகிறவர்கள் எண் 87, எண் 93 என்று கீழ்மட்ட மைனர் லீகிலிருந்து அன்றைக்கு மட்டும் பஸ் ஏறி வந்த பையன்கள். எனது தாளில் பேட்டிங் வரிசை நான்கு, "87, யாரோ" என்றுதான் இருக்கிறது. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வழக்கமான சீசனில் கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது அது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு வார இறுதிக்குப் பியோரியாவுக்கே போனேன். மூன்று மணி நேர விமானம். மரினர்ஸும் சான் டியகோ பேட்ரஸும் 1994 முதல் அந்த மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் புல்சரிவு, அதில் ஜமுக்காளம் விரித்து உட்காரலாம். நாலு மாதம் மழையிலும் மேகத்திலும் கிடந்த சியாட்டில்காரர்கள் அங்கே வெயிலைப் பார்த்துவிட்டுச் செய்யும் அலப்பறை தனிக்கதை. பயிற்சி மைதானத்தில் எங்கள் பழைய நட்சத்திரம், 51 வயது இச்சிரோ முழுச் சீருடையில் பந்து எறிந்துகொண்டிருந்தார். ஜனவரியில்தான் 394 ஓட்டில் 393 வாங்கி, பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வாகியிருந்தார். அந்த ஒரு ஓட்டைப் போடாத புண்ணியவான் யாரென்று இன்றுவரை வெளியே வரவில்லை.

சரி, ஸ்கோருக்கு வருகிறேன். இந்த முறை பேனா இல்லை. ஊரிலிருந்து அம்மா என் மகளுக்கு அனுப்பிய நடராஜ் பென்சில் இரண்டும் ஒரு ரப்பரும். ஆனால் புதுச் சிக்கல். கையில் தடவிய சன்ஸ்கிரீன் தாளில் பட்டதும் அந்த இடம் எண்ணெய் பட்ட பஜ்ஜிக் காகிதம் மாதிரி ஆகிவிடுகிறது. அதன் மேல் பென்சில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் கட்டங்கள் அப்படியே போயின. இரண்டாம் நாள் உள்ளங்கைக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துக்கொண்டு எழுதினேன். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் வேலை நடந்தது.

பக்கத்தில் ஒரு பெரியம்மா. மடியில் ஸ்பைரல் நோட்டு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மரினர்ஸின் பழைய மைதானமான கிங்டோம் காலத்திலிருந்து எழுதுகிறாராம். எனது தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அது எரர் இல்லை, ஹிட்" என்றார். ஷார்ட்ஸ்டாப் கையில் பட்டுத் தெறித்த பந்து அது. நான் 'இ-6', அதாவது ஷார்ட்ஸ்டாப்பின் தவறு (எரர்) என்று எழுதியிருந்தேன்; ஹிட் என்றால் பேட்டர் சம்பாதித்தது. அவன் பிடித்திருக்கலாம் என்றேன். "பிடித்திருக்கலாம் என்று நீயும் நானும் சொல்லலாம், உட்கார்ந்த இடத்திலிருந்து" என்று சிரித்தார். ஸ்கோர் போர்டும் ஹிட் என்றே காட்டியது. நான் மாற்றவில்லை. நமது நோட்டில் நாம்தானே தீர்ப்பு.

அவரிடம் கற்ற பெரிய விஷயம் வேறு. நான் தண்ணீர் வாங்கப் போனபோது நடந்த இரண்டு அவுட்டுகளைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவரது நோட்டில் 'டபிள்யூ டபிள்யூ' என்று இருந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து பின்னால் வர்ணனையாளர் ஆன ஃபில் ரிசூட்டோவின் குறியீடாம் அது: பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். வர்ணனை செய்கிறவரே அப்படி எழுதியிருக்கிறார் என்றால் எனக்கென்ன வெட்கம். அன்று முதல் எனக்கு 'பா' என்றால் பராக்கு, 'சா' என்றால் சாப்பாட்டு வரிசை.

இன்னொரு குறியை நானே கண்டுபிடித்தேன். 2025 ஸ்பிரிங் டிரெய்னிங்கில் 13 மைதானங்களில் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று கேமராவிடம் முறையிடும் சோதனை நடந்தது, அதில் பியோரியாவும் ஒன்று. பிட்சர், கேட்சர், பேட்டர் மூவர் மட்டுமே கேட்கலாம், அதுவும் உடனே, தலையில் தட்டி. அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாகக் கேட்டால் வாய்ப்பு குறையாது. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு 90-க்கு மேற்பட்ட எண் பையன் மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். அம்பயர் கையை உயர்த்தினார். நான் திருப்பிப் போட்ட கே-யை அழகாக எழுதி முடித்தேன். பையன் ஹெல்மெட்டில் தட்டினான். பெரிய திரையில் பந்து மெதுவாக மிதந்து வந்து, கட்டத்துக்கு வெளியே மயிரிழையில் நின்றது. புல்சரிவே எழுந்து கத்தியது. ரப்பரை எடுத்துக் கே-யை அழித்தேன். அடுத்த பந்தும் வெளியே, அது நான்காவது, அதனால் வாக்: முதல் பேஸுக்கு இலவச நடை. அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னத் தொப்பி வரைந்து வைத்தேன். கேமராவுக்கு என் குறி அதுதான். அந்தப் பையன் பெயர் இன்னும் தெரியாது.

திரும்பி வந்த பிறகுதான் நிஜக் கவலை வந்தது. எங்கள் பிட்சர் ஜார்ஜ் கெர்பிக்குத் தோளில் வீக்கம்.

கெர்பி யார் என்று தெரியாதவர்களுக்கு: போன வருஷம் 33 ஆட்டங்களை முதல் பிட்சராகத் தொடங்கி, 191 இன்னிங்ஸ் எறிந்து, மொத்தமே 23 வாக் கொடுத்தவர். பந்தை நினைத்த இடத்தில் வைப்பவர். போன வருஷம் எங்கள் பேட்டர்கள்தான் லீகிலேயே அதிகம் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள். அப்படியிருந்தும் ஒரு வெற்றி வித்தியாசம் வரை வந்ததற்குக் காரணம் தொடக்கப் பிட்சர்கள். கில்பர்ட், கெர்பி, மில்லர், காஸ்டியோ, நால்வரும் ஆளுக்கு 30 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கினார்கள். எந்த அணிக்கும் அடிக்கடி கிடைக்கிற அதிர்ஷ்டம் அல்ல அது. குளிர்காலத்தில் பெரிதாகச் செலவு செய்து பேட்டர் யாரையும் வாங்கவும் இல்லை. வூவையும் சேர்த்து ஐந்து தோள்களை நம்பித்தான் மொத்த வீடும் நிற்கிறது, அதில் ஒன்றில் வீக்கம். ஸ்கேனில் கிழிசல் எதுவும் இல்லை என்றார்கள். இருந்தாலும் சீசன் தொடக்கத்தில் ஆட மாட்டார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் எழுதிய எந்த ஆட்டத்திலும் கெர்பி பெயர் இல்லை. கண்ணெதிரே இருந்த ஓட்டை, எனக்குத்தான் படவில்லை. ரன் எத்தனை, யார் ஜெயித்தார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பிட்சருக்கு ஸ்பிரிங் ஆட்டம் என்பது பரீட்சை அல்ல, வீட்டுப்பாடம். புதுப் பந்து ஒன்றைப் பழகுவதற்காக அதையே திரும்பத் திரும்ப எறிந்து அடி வாங்குவார்கள். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து சரியாக வளையாது, அடித்தால் தூரமும் போகும். அதனால் ரன்னை எழுதுவதை விட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பந்து, எத்தனை ஸ்ட்ரைக் என்று சின்னச் சின்னக் கோடுகளாக எழுதினேன். பிப்ரவரியில் ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று ஆரம்பித்த பிட்சர்கள் மார்ச் கடைசியில் ஐந்து வரை போனது அப்போதுதான் கண்ணில் பட்டது. மார்ச் 9-க்குப் பிறகு இங்கே கடிகாரத்தை முன்னே தள்ளிவிட்டார்கள், அரிசோனாவில் அந்தப் பழக்கம் இல்லை. 1.10 ஆட்டம் இங்கேயும் 1.10 ஆகிவிட்டது, சாப்பாட்டு நேரம் போய் மீட்டிங் நேரத்தில் விழுந்தது. அந்த வாரத் தாள்களில் நிறைய 'பா'.

நல்ல செய்தியும் வந்தது. கேட்சர் கேல் ராலிக்கு ஆறு வருஷம், 10.5 கோடி டாலர் ஒப்பந்தம். போன வருஷம் 34 ஹோம் ரன், கூடவே லீகின் சிறந்த தடுப்பாளருக்கான பிளாட்டினம் கிளவ். அவர் இங்கேயே இருப்பார் என்பது எனக்கு எந்த ஸ்பிரிங் வெற்றியையும் விடப் பெரிது. எங்கள் நட்சத்திர பேட்டர் ஹூலியோ ரோட்ரிகஸ் ஏப்ரலில் வழக்கம்போல் தூங்கி வழியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நாளை மறுநாள், மார்ச் 27, அத்லெடிக்ஸோடு முதல் ஆட்டம், எங்கள் ஊரிலேயே. புது நோட்டு வாங்கியாயிற்று. பிட்சர் கட்டங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். கில்பர்ட், காஸ்டியோ, மில்லர், வூ, நான்கும் பேனாவில். ஐந்தாவது ஆட்டத்துக்கு, கெர்பிக்குப் பதிலாக எமர்சன் ஹான்காக், பென்சிலில்.