கோலே டாங் எந்தப் பாசியைத் தின்னும்?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாசி ஏறியதும் பலரும் தேடுவது பாசி மேயும் டாங் மீனை. வாயைப் பார்த்து வாங்காவிட்டால் பாசியும் போகாது, மீனும் மெலிந்துபோகும்.

ஹவாய்ப் பவளப்பாறைகளில் வாழும் கோலே டாங்குக்குச் சீப்பு மாதிரி நுண்பற்கள். பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பழுப்புப் படலத்தையும் அதில் சிக்கிய கசடையும் நாள் முழுக்கச் சுரண்டும். நீண்ட முடிப்பாசியை அறுக்க அந்தப் பற்களால் முடியாது. அதற்கு மஞ்சள் டாங் பொருத்தம். அதுவும் முதலில் நீங்கள் கையால் பிடுங்கிக் குட்டையாக்கினால்தான். இறகு மாதிரி வளரும் பிரையாப்சிஸ் என்ற பச்சைப் பாசிக்கு இரண்டையுமே நம்ப வேண்டாம்.

கோலே 18 செ.மீ. வரை வளரும். 4 அடி நீளம், 280 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் விடாதீர்கள். புதுத் தொட்டியில் சுரண்டப் படலமே இருக்காது. ஆறு மாதமாவது ஓடியிருக்கட்டும். பழைய தொட்டியிலும் படலம் மட்டும் போதாது. உப்பு, மசாலா சேர்க்காத நோரியை (காய்ந்த கடற்பாசித் தாள்) தினமும் கொடுங்கள், மிச்சத்தை மாலையில் எடுத்துவிடுங்கள். கிளிப்பில் ஆடும் நோரியைச் சில கோலே தொடவே தொடாது. பட்டினி கிடக்கிறதே என்று பதறாமல், ஒரு கல்லில் ரப்பர் பேண்டால் ஒட்டக் கட்டிப் போடுங்கள். அது மேய்ந்து பழகியது பரப்பில்தான். வயிறு உள்வாங்கியிருந்தால் தீனி போதவில்லை. தலைக்குப் பின்னால் முதுகுச் சதையும் வற்றியிருந்தால் அந்த மீனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

டாங்குகளுக்கு ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் சீக்கிரம் பற்றும். புது மீனைத் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டி இல்லாமல் டாங் வாங்கவே கூடாது என்பேன். அந்தத் தொட்டியில் கீலேட் செய்த (வேறு மூலக்கூறோடு பிணைத்த) காப்பர் மருந்தைச் சில நாட்களில் படிப்படியாக 2.25 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை ஏற்றி, 30 நாள் அதே அளவில் வைத்திருங்கள். நடுவில் அளவு இறங்கினால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். மீட்டரால் தினமும் பாருங்கள். கல் காப்பரை உறிஞ்சும் என்பதால், இங்கே நோரியைப் பிவிசி குழாய்த் துண்டில் கட்டுங்கள். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் காப்பர் ஒரு சொட்டுகூட வேண்டாம். நோய் அங்கே புகுந்துவிட்டால் எல்லா மீனையும் எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும்.

டாங்கின் வாலடி முள் வலையில் மாட்டிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் மொள்ளுங்கள். ஏற்கெனவே வேறு டாங் இருந்தால், புதியதைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் சில நாள் தொட்டிக்குள்ளேயே வைத்து, பழையது கண்ணாடியோரம் பாய்வதை நிறுத்திய பிறகு திறந்துவிடுங்கள்.