விண்டோஸ் 95-க்கு ஒரு கணினி கட்டுகிறேன்

ஜனவரி 3

விண்டோஸ் 95-ஐ எமுலேட்டரில் (பழைய கணினியை மென்பொருளாகவே நடிக்கும் நிரல்) ஏற்றும் வேலையை இன்று தொடங்கினேன். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு கலைக்களஞ்சிய சி.டி. என்னிடம் இருக்கிறது, படம், ஒலி, சின்னச் சின்ன வீடியோ என்று எல்லாம் உள்ளது, ஆனால் இன்றைய 64-பிட் விண்டோஸில் அதை இன்ஸ்டால்கூட செய்ய முடிவதில்லை. நிரல் என்னவோ 32-பிட் தான். அதை நிறுவித் தரும் செட்அப் 16-பிட், 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே கிடையாது. அந்தக் காலத்தில் இப்படிப் பாதி பழசு பாதி புதுசாக வெளியிடுவது சாதாரணம். ஒரு கீறல்கூட இல்லாத சி.டி. திறக்க வழியில்லாமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து ஐ.எஸ்.ஓ. ஃபைல் (முழு சி.டி.யின் ஒற்றை-ஃபைல் நகல்) எடுத்து வைத்துவிட்டேன்.

முதல் முடிவு, எதில் ஓட்டுவது என்பது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி நிரல்கள் உள்ளே ஓடும் சிஸ்டத்தின் கட்டளைகளைப் பெரும்பாலும் உங்கள் நிஜ செயலியிடமே நேரடியாகக் கொடுத்துவிடும், அதனால்தான் அவ்வளவு வேகம். லினக்ஸுக்கோ பிந்தைய விண்டோஸுக்கோ அதுவே சரியான வழி. விண்டோஸ் 95-க்கு அந்த வேகமே விஷம். தொடங்கும்போது அதன் சில டிரைவர்கள் ஒரு வெற்றுச் சுற்றை லட்சக்கணக்கான முறை ஓடவிட்டு, எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று பார்த்து, அந்த எண்ணால் வகுத்துச் செயலியின் வேகத்தைக் கணிக்கின்றன. செயலி மிக வேகமாக இருந்தால் ஆன நேரம் பூஜ்யம் என்று வரும், பூஜ்யத்தால் வகுக்கப் போய் 'விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்' என்று நின்றுவிடும். இந்தப் பிரச்சினை 1998 வாக்கிலேயே 350 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய ஏ.எம்.டி. கே6-2 செயலிகளில் தலைகாட்டியது, பிற செயலிகளிலும் 2 கிகாஹெர்ட்ஸைக் கடந்ததும் வந்தது. திருத்தும் பேட்ச்கள் உண்டு, போட்டால் ஓடும்.

ஆனால் பேட்ச் போட்ட விண்டோஸை இல்லாத ஒரு கணினியில் ஓட்டுவதைவிட, அது எந்தக் கணினிக்காக எழுதப்பட்டதோ அந்தக் கணினியையே கட்டிக் கொடுப்பது மேல் என்று நினைக்கிறேன். அதனால் 86பாக்ஸ். பிசிஎம் என்ற எமுலேட்டரிலிருந்து கிளைத்தது. செயலி, சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்கள்), பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்), கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளிலேயே நடித்துக் காட்டுகிறது.

ஜனவரி 4

இன்று முழுக்க மெஷின் கட்டும் வேலை. 86பாக்ஸில் பொத்தானைத் தட்டினால் ஏதோ ஒரு பொதுவான கணினி வந்து நிற்காது. உண்மையில் விற்பனைக்கு வந்த மதர்போர்டுகளின் நீண்ட பட்டியலிலிருந்து ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த போர்டின் அசல் பயாஸ்தான் உள்ளே ஓடும். அந்த பயாஸ் ஃபைல்கள் எமுலேட்டரோடு சேர்ந்து வருவதில்லை, ராம் என்றும் ரோம் என்றும் புதியவர்கள் குழம்பும் இடம் இது: வேண்டியது ரோம் (பயாஸ் பதிந்திருக்கும் சிப்பின் நகல்) தொகுப்பு, அதைத் தனியாக இறக்கி உரிய ஃபோல்டரில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மெஷின் தொடங்காது.

என் தேர்வு: இன்டெல் 430விஎக்ஸ் சிப்செட் உள்ள சாக்கெட் 7 போர்டு, பென்டியம் 133, 32 எம்.பி. ராம், 2 எம்.பி. நினைவகத்தோடு எஸ்3 ட்ரையோ64 கிராஃபிக்ஸ், சவுண்ட் பிளாஸ்டர் 16, 1 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சத் தேவை 386 செயலியும் 4 எம்.பி. ராமும் என்பதால் இது தாராளம். இன்னும் வேகமான செயலி வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். மென்பொருளில் ஒரு செயலியை நடிப்பது நிஜ கணினிக்குக் கடும் வேலை, அதிலும் உங்கள் செயலியில் எத்தனை கோர் இருந்தாலும் முக்கியச் சுமை ஒரே கோர் மீதுதான் விழும். விண்டோவின் தலைப்பில் ஒரு சதவீதம் காட்டும், அது 100 என்றே நிற்க வேண்டும். இறங்கினால் முதலில் ஒலி விக்கும். நான் 133-இல் வைத்ததும் 100 அசையவில்லை, அதற்கு மேல் ஆசைப்படக் காரணமும் இல்லை, அந்த சி.டி. வந்த நாளில் 133 என்பது நல்ல கணினி.

ஹார்ட் டிஸ்க் எந்த ஆண்டின் டிஸ்க் போல எவ்வளவு வேகத்தில் நடந்துகொள்ள வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். அதையும் மெதுவாகவே வைத்திருக்கிறேன்.

ஜனவரி 6

கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. மெஷினை ஓட்டினேன், சிமோஸ் செக்சம் எரர் (சேமித்த பயாஸ் அமைப்புகள் சரியில்லை) என்றது, புது மெஷினில் அது இயல்பு. டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க்கைத் தானாகக் கண்டறியச் சொல்லி, எல்.பி.ஏ. முறையில் (டிஸ்க்கின் செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) வைத்து, சேமித்து வெளியே வந்தேன். பழைய பயாஸ்களில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற வரம்பால் 504 எம்.பி.க்கு மேல் டிஸ்க் தெரியாது, அந்தச் சுவரைத் தாண்டத்தான் எல்.பி.ஏ.

ஜனவரி 10

பெரிய நாள். விரிவாகவே எழுதிவைக்கிறேன், இதைப் பார்த்து யாராவது செய்யக்கூடும்.

தொடங்க ஒரு பூட் ஃப்ளாப்பி வேண்டும். விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்அப் டிஸ்க் இதற்கு அருமையானது, ஏனென்றால் பொதுவான சி.டி. டிரைவர் அதிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஃப்ளாப்பி நினைவகத்தில் ஒரு தற்காலிக டிரைவை உருவாக்கி அதில் தன் கருவிகளை விரித்துவைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதி) இல்லாதபோது அந்தத் தற்காலிக டிரைவே சி: ஆகிவிடும். பார்ட்டிஷன் போட்டு மறுபடி பூட் செய்ததும் அது டி: க்கு நகரும், சி.டி. இ: க்குப் போகும். எந்த எழுத்து எது என்று ஒவ்வொரு பூட்டிலும் பார்த்துக்கொண்டு ஃபார்மட் கொடுங்கள்.

பார்ட்டிஷன் போடும் நிரலான எஃப்டிஸ்க் ஆரம்பத்திலேயே பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று கேட்கும். என்னிடம் இருப்பது 1995 ஆகஸ்டில் வந்த முதல் பதிப்பு, அதற்கு ஃபேட்32 என்ற புதிய ஃபைல் அமைப்பு முறை தெரியாது (1996-இல் வந்த ஓ.எஸ்.ஆர். 2 என்ற திருத்தப் பதிப்பில்தான் அது சேர்ந்தது), ஆகவே வேண்டாம் என்று சொல்லி ஃபேட்16-இலேயே இருந்தேன். இதில் பார்ட்டிஷன் 2 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, 1 ஜி.பி.க்கு மேல் போனால் ஒவ்வொரு கிளஸ்டரும் (ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இட அலகு) 32 கே.பி. ஆகிவிடும், அதாவது ஒரே ஒரு எழுத்துள்ள ஃபைலுக்கும் 32 கே.பி. இடம் போகும். பார்ட்டிஷனை 1 ஜி.பி.க்குச் சற்றுக் கீழே வைத்தால் 16 கே.பி.யோடு முடிகிறது.

ஃபார்மட் ஆனதும் செட்அப்பை சி.டி.யிலிருந்து ஓட்டவில்லை. சி.டி.யிலுள்ள விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து ஓட்டினேன். இந்த ஒரு பழக்கம் எவ்வளவு தொல்லையைத் தவிர்க்கிறது என்று சொல்லி மாளாது. விண்டோஸ் 95, தான் எங்கிருந்து நிறுவப்பட்டதோ அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும், பின்னால் ஒரு டிரைவர் மாற்றினால், நெட்வொர்க் அமைப்பைத் தொட்டால், உடனே சி.டி.யைப் போடு என்று கேட்கும். சில நேரம் சி.டி. டிரைவே இன்னும் தெரியாத கட்டத்திலும் கேட்கும். ஃபைல்கள் சி:-இலேயே இருந்தால் கேள்வியே எழாது.

செட்அப் முதலில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டி, உரிமம், பெயர், எண் எல்லாம் கேட்டுவிட்டு, பிறகு வன்பொருளைத் தேடத் தொடங்கியது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ப்ளக் அண்ட் ப்ளே கார்டுகளைக் கேட்டால் அவையே பதில் சொல்லும், பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகள் சொல்லாது, அதனால் செட்அப் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கிறது. தவறான கதவைத் தட்டினால் கணினி உறைந்துபோகும். எனக்கும் பட்டை பாதிக்கு மேல் போய் அப்படியே நின்றது. உறையக்கூடும் என்பதை எழுதியவர்கள் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள்: ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் என்ன செய்யப்போகிறது என்பதை டிஸ்க்கில் குறித்துவைக்கிறது, உறைந்தால் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போடச் சொல்கிறது. 86பாக்ஸில் அதற்கு 'ஹார்ட் ரீசெட்', கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் போதாது. மறுபடி செட்அப்பை ஓட்டியதும் 'சேஃப் ரெகவரி' வேண்டுமா என்றது, ஆமாம் என்றதும் உறையவைத்த அந்த ஒரு சோதனையை மட்டும் தாண்டிக்கொண்டு மேலே போனது. கணினி செத்துப்போகும் என்று தெரிந்தும், செத்த பிறகு எங்கிருந்து தொடர வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். இதை இன்றும் எத்தனை நிரல்கள் செய்கின்றன?

ரீஸ்டார்ட் ஆகி, ஸ்டார்ட் மெனு அமைத்து, நேர மண்டலம் கேட்டு, டெஸ்க்டாப் வந்தது. 640-க்கு 480, 16 நிறம்.

ஜனவரி 11

டிஸ்ப்ளே அமைப்பில் எஸ்3 ட்ரையோ பட்டியலிலேயே இருந்தது. தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் 1024-க்கு 768-இல் 16-பிட் நிறம் கிடைத்தது. ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் கணக்குப் போட்டால் ஒன்றரை எம்.பி. வருகிறது, கார்டில் 2 எம்.பி. வைத்தது இதற்காகத்தான். ஆனாலும் அந்த சி.டி. காலத்து நிரல்கள் பல 256 நிறம் என்று நினைத்தே எழுதப்பட்டவை, 640-க்கு 480-க்கும் 256-க்கும் திரும்பி வந்துவிட்டேன்.

சவுண்ட் பிளாஸ்டர்: முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. (செயலியைக் கூப்பிடும் தடம்) 5, டி.எம்.ஏ. (நினைவகத்தை நேரடியாகத் தொடும் தடம்) 1, 5. ஐ.ஆர்.க்யூ. 7 கொடுத்தால் பிரின்டர் போர்ட்டோடு மோதலாம். தொடக்க இசை ஒரு விக்கலும் இல்லாமல் வந்தது, சரி, 100 சதவீதம் நிற்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

ஜனவரி 14

இணையத்தில் இணைக்கலாமா என்று யோசித்தேன். என்.இ.2000 வகை நெட்வொர்க் கார்டு ஒன்றைச் சேர்த்து, இணைய நெறிமுறையான டி.சி.பி./ஐ.பி.யைக் கையால் சேர்த்தால் (முதல் பதிப்பில் அது தானாக வராது) முகவரி கிடைத்துவிடும். ஆனால் இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கம் அந்தக் கால பிரவுசர்களுக்குத் தெரியாது, கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வேண்டாம் என்று கார்டையே கழற்றிவிட்டேன். ஃபைல் உள்ளே கொண்டுபோக ஐ.எஸ்.ஓ. செய்து சி.டி.யாகப் போடுகிறேன், நீளமான பெயர்களும் ஜோலியட் வடிவில் அப்படியே வருகின்றன.

ஜனவரி 17

கலைக்களஞ்சியம் திறந்துவிட்டது! செட்அப் ஓடியது, 256 நிறம் இருக்கிறதா என்று பார்த்தது, திருப்தியானது. அட்டவணை, தேடல், பறவைகளின் குரல், வரைபடங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. வீடியோக்கள் சினிபேக் முறையில் சுருக்கப்பட்டவை, ஒற்றை வேக சி.டி. டிரைவ் தரும் விநாடிக்கு 150 கே.பி.க்குள் 320-க்கு 240 படத்தை அடக்குவதற்காகவே உருவான முறை அது. எமுலேட்டரில் சி.டி. டிரைவை 4 மடங்கு வேகத்தில் வைத்தேன். படமும் குரலும் பிசகாமல் சேர்ந்தே போகின்றன. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது டிஸ்க்கைத் தேடும் அந்தச் சின்ன இடைவெளியில் மறைவு-தோற்றம் ஒன்றை வைத்திருக்கிறார்கள், வேகமான மெஷினில் அது கண்ணில் படாமல் ஓடிவிடும். இங்கே, அவர்கள் எண்ணிய அளவிலேயே நிகழ்கிறது. மாலை முழுவதும் கடல் உயிரினங்கள் பகுதியில் இருந்தேன்.

ஜனவரி 18

காப்பு எடுக்கும் வேலை. ஷட்டவுன் செய்து, அணைக்கலாம் என்ற செய்தி வந்த பிறகே வி.எச்.டி. ஃபைலை (எமுலேட்டரின் ஹார்ட் டிஸ்க் இதுதான்) நகலெடுத்தேன், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. டிஸ்க் ஃபைலோடு மெஷினின் கான்ஃபிக் ஃபைலையும், அந்த போர்டின் ரோமையும், எந்த 86பாக்ஸ் பதிப்பு என்ற குறிப்பையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன். டிஸ்க் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு போர்டில் போட்டால் விண்டோஸ் 95 எல்லா வன்பொருளையும் புதிதாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும்.

நீண்ட நேரம் ஓடவிட நினைப்பவர்களுக்கு: திருத்தம் போடாத விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறையும், மில்லிவிநாடிகளை எண்ணும் 32-பிட் எண் அப்போது நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், எமுலேட்டர் சும்மா இருக்கும்போதும் உங்கள் செயலியின் ஒரு கோருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து இதே போர்டில், இன்னொரு வி.எச்.டி.யில், ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ். அதற்கு உரிமம் பற்றிய கவலையும் இல்லை, 32 எம்.பி.யில் மிச்சமே நிறைய இருக்கும்.