பெற்றவர்கள் வந்து வாங்காத உடல்கள்

2011 பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் நந்திகிராமத்தில் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து உயிரை விட்டார்கள். ஒருவரையொருவர் நேசித்தவர்கள். ஒருத்தி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தாள், இரண்டு பேரையும் சேர்த்தே எரிக்கச் சொல்லி. இரண்டு வீட்டிலிருந்தும் உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பிணவறையில் கிடந்து, கடைசியில் அநாதைப் பிணம் என்ற கணக்கில் போனார்கள்.

வங்காள இயக்குநர் தேபலீனா இதை 2013இல் ஆவணப்படமாக எடுத்தார், பெயர் 'ஏபங் பேவாரிஷ்'. சென்னைத் தெருவில் ஒருவனைத் திட்டும்போது பேவர்சி என்பார்களே, அதே சொல்தான். வாரிசு இல்லாதவன், கேட்க நாதியற்றவன். அம்மாவும் அப்பாவும் அதே ஊரில் உயிரோடு இருக்க, பிள்ளைகள் அப்படி ஆனதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. அடித்தால் தழும்பாவது இருக்கும், கேமராவுக்கு அது போதும். யாருமே வராமல் இருந்துவிட்டதை எப்படிப் படம் பிடிப்பது? அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என் கல்லூரி விடுதியில் இரண்டு அறை தள்ளி ஒருத்தி இருந்தாள். அவளும் இன்னொருத்தியும் எப்போதும் ஒன்றாகவே இருப்பார்கள். ஒருநாள் அவள் அப்பாவும் மாமாவும் வந்தார்கள், சத்தம்கூடப் போடவில்லை, அப்பா அவள் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மாமா பக்கெட்டையும் மக்கையும்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு நடந்தார். மூன்றே மாதத்தில் கல்யாணப் பத்திரிகை. நல்ல இடமாம் என்று பேசிக்கொண்டோம், நானும்தான். அந்தக் கல்யாணத்தை ஒரு வன்முறை என்று சொல்ல அன்று எனக்கு வார்த்தை இல்லை.

இப்போது வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நீதிமன்றமே பேசுகிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனுவில் (அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கேட்கும் மனு), 25 வயதுப் பெண் ஒருவர், வீட்டில் தன்னை அடித்ததாகவும் 'சரியாக்க' சடங்குகள் செய்ததாகவும் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை அவர் விருப்பப்படி தன் இணையோடு போகவிட்டார்கள், தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். போலீஸையும் கண்டித்தார்கள். சரி, மனுப் போட ஒருத்தி வெளியே இருந்ததால் இது நடந்தது. இரண்டு பேரையுமே பூட்டி வைத்திருந்தால்?

அப்புறம் லிஜி ஜே. புல்லப்பள்ளியின் 'சஞ்சாரம்', 2004இல் வந்த மலையாளப் படம். சிகாகோவில் வக்கீலாக இருந்து, வீட்டில் அடிபட்ட பெண்களுக்காக வாதாடியவர் அவர். வீட்டுக்குள் நடப்பதை இவ்வளவு நிதானமாக அவரால் எடுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். கிரண், டிலைலா என்று இரண்டு பெண்கள். டிலைலாவை விரும்பும் ஒரு பையனுக்காகக் கிரண்தான் காதல் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள், தன் மனதில் இருப்பதை அவன் பெயரில் எழுதுகிறாள். விஷயம் தெரிந்ததும் டிலைலாவுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் ஏற்பாடாகிறது.

கேரளத்தில் உண்மையில் நடந்த ஒரு தற்கொலைதான் இந்தக் கதைக்குத் தூண்டுதல். படத்திலும் கிரண் அருவியின் விளிம்பு வரை போய் நிற்கிறாள். ஆனால் லிஜி அவளைச் சாகவிடவில்லை. அவள் திரும்பி வருகிறாள், தன் நீளமான முடியை வெட்டிக்கொள்கிறாள். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.