தொழுநோய்க்கு பி.சி.ஆர்.: குப்பியிலேயே பாதி வேலை

தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனைக்காக, தாராபுரத்திலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ தோல்துணுக்கு கோவையிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது குப்பியைத்தான். முழுத்துணுக்கும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் மிதந்தால் மனசு விட்டுப்போகும். நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க ஃபார்மலின் அருமையானது, ஆனால் டி.என்.ஏ.வை அது துண்டுதுண்டாக்கிவிடும். தேமலின் ஓரத்தில் 4 மி.மீ. பஞ்ச் (தோலை வட்டமாக வெட்டியெடுக்கும் கருவி) போட்டு எடுத்ததை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியை 70 சதவீத எத்தனாலிலும் (ஆல்கஹால்) போடுங்கள். எத்தனாலில் இருப்பது சித்திரை வெயிலில் பஸ் ஏறி வந்தாலும் தாங்கும். குப்பியில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் பட்டால் பேனா மை ஓடிவிடும்.

துணுக்குக்குப் பதிலாகக் காதுமடலில் கீறி மாதிரி எடுப்பதாக இருந்தால், தோலை விரலால் இறுக்கிப் பிடித்து வெளுக்க வைத்த பிறகே கத்தி வைக்க வேண்டும். 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம். பிடி தளர்ந்தால் ரத்தம் கலக்கும். அதிலுள்ள ஹீமோகுளோபின் பி.சி.ஆர். நொதியையே முடக்கிவிடும். கிருமி இருந்தும் நெகட்டிவ் வரும்.

இந்தக் கிருமியின் சுவர் மெழுகு போன்றது, லேசில் உடையாது. புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதி சேர்த்து 56 டிகிரியில் ராத்திரி முழுக்க விடுகிறோம். அவசரப்பட்டால் டி.என்.ஏ. கிடைக்காது. தேடுவது ஆர்.எல்.இ.பி. என்ற டி.என்.ஏ. வரிசையை; ஒரே கிருமியில் 30-க்கும் மேற்பட்ட இடங்களில் அது இருப்பதால், குறைவான கிருமியும் சிக்கும். அதே காரணத்தால் துளி கலப்படமும் சிக்கும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க வெறும் தண்ணீர் வைத்த குழாயில் பாசிடிவ் காட்டினால், அன்றைய சோதனை முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்போம்.

"ஏனுங்க, ரிசல்ட் வந்தாத்தான் மருந்து தருவீங்களா?" என்று கேட்பார்கள். இல்லீங்க. உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு இவற்றைப் பார்த்தே மருத்துவர் உறுதிசெய்துவிடலாம். ஓரிரு தேமல் மட்டும் உள்ளவர்களிடம் கிருமி மிகக் குறைவு, அவர்களுக்கு பி.சி.ஆர். நெகட்டிவ் வந்தால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மருந்து முடித்தவருக்குப் பாசிடிவ் வந்தாலும் பதற வேண்டாம். செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் தோலில் வெகுநாள் கிடக்கும், இயந்திரம் உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துச் சொல்லாது. அதனால் படிவத்தில் மருந்து ஆரம்பித்த தேதியைக் கட்டாயம் எழுதி அனுப்புங்கள்.