எத்தனை நாளுக்கொரு குளியல்?

நாள்தோறும் குளிப்பவரே சுத்தமானவர் என்று நாம் யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மனிதர்கள் எத்தனை முறை குளித்தார்கள் என்பதை உடம்பின் அழுக்கைவிட, தண்ணீர் எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதும், அதைப் பற்றி அந்தந்தக் காலத்து மருத்துவம் என்ன சொன்னது என்பதுமே அதிகம் தீர்மானித்திருக்கின்றன.

ரோம் நகரில் கி.பி. 216இல் திறக்கப்பட்ட காரகல்லா குளியல் மண்டபத்துக்கு வந்தவர்கள் சோப்பை நம்பி வரவில்லை. உடம்பெங்கும் ஒலிவ எண்ணெயைப் பூசி, வியர்த்தபின், வளைந்த உலோகத் தகடு ஒன்றினால் எண்ணெயையும் வியர்வையையும் அழுக்கையும் ஒன்றாக வழித்தெடுத்துவிட்டு நீரில் இறங்கினார்கள். அதே ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை தலைகீழானது. வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து கொள்ளைநோயை உள்ளே விட்டுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சியதால், வசதி படைத்தவர்கள்கூட முகத்தையும் கைகளையும் கழுவிக்கொண்டு, லினன் உள்ளாடையை அடிக்கடி மாற்றுவதையே தூய்மை எனக் கொண்டார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் துணி வியர்வையையும் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மைதானே. குளித்துவிட்டு நேற்றைய சட்டையையே மாட்டிக்கொள்பவரைவிட அவர்கள் மோசமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சோப்பு செய்யத் தேவையான சோடா உப்பை ஆலையில் தயாரிக்கும் முறை வந்ததும், 1853இல் இங்கிலாந்தில் சோப்பு வரி நீக்கப்பட்டதும் சோப்பை எளியவர் வீட்டுக்குக் கொண்டுவந்தன. குழாய் அவ்வளவு விரைவாக வந்து சேரவில்லை. 1951இல்கூட பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் நிலையான குளியல் தொட்டி கிடையாது. அடுப்பங்கரையில் தகரத் தொட்டியை வைத்து, சுடவைத்த ஒரே தண்ணீரில் குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராக வாரம் ஒருமுறை குளித்த வீடுகள் அங்கே ஏராளம். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் வசதி வந்த பிறகே தினக்குளியல் பலருக்கும் பழக்கமானது.

தோலின் தேவையோ இதைவிடக் குறைவு. வியர்வைக்குத் தனியே பெரிய வாடை இல்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. வழக்கமான சோப்புக்கட்டியோ காரத்தன்மை உடையது. சூடான நீரில் நெடுநேரம் நின்று உடம்பு முழுதும் நுரைக்கத் தேய்த்தால், தோலைக் காக்கும் கொழுப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. துடைத்துக்கொண்ட சிறிது நேரத்தில் முழங்காலுக்குக் கீழே தோல் இறுகுவதும், நகத்தால் கீறினால் வெள்ளைக்கோடு விழுவதும் அதனால்தான். எனவே வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்; சோப்பை இடுக்குகளுக்கும் பாதங்களுக்கும், கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கும் மட்டும் வைத்துக்கொள்வது போதும் என்பது என் கருத்து.

கை கழுவுவதில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. 1847இல் வியன்னா மருத்துவமனை ஒன்றில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கியபின், அதுவரை பத்து விழுக்காட்டையும் தாண்டிக்கொண்டிருந்த தாய்மார் இறப்பு இரண்டு விழுக்காட்டையொட்டி இறங்கியது. இரண்டு வேளை குளிக்கும் வீடுகளிலும் கை கழுவுவது விரல்நுனியை நனைப்பதோடு முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். இருபது வினாடியாவது சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் பெருவிரலின் பின்பக்கமும் நகக்கண்களும் சுத்தமாகும்.